பாய்ம இயக்கவியல் ஆய்வாளரின் சைட்டேஷன் பக்கத்தைப் படிப்பது எப்படி?

ஆய்வுக்கு வழிகாட்டி தேடும்போது நாம் முதலில் செய்வது, அவருடைய கட்டுரைகளையும் அவற்றுக்குக் கிடைத்த மேற்கோள்களையும் (சைட்டேஷன்) பட்டியலிடும் கூகுள் ஸ்காலர் பக்கத்தைத் திறந்து, வலப்பக்கம் தெரியும் ஹெச்-இண்டெக்ஸ் என்ற மதிப்பீட்டு எண்ணைப் பார்ப்பதுதான். பார்த்ததும் ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறோம். திரவங்கள், வாயுக்களின் ஓட்டத்தை ஆராயும் பாய்ம இயக்கவியலில் அப்படிச் செய்தால் நல்ல ஆய்வாளர்கள் சிலரைத் தவறவிட்டுவிடுவோம். ஏன் என்பது நான்காவது படியில் வரும்.

படி 1: ஆள் அவர்தானா?

ஒரே பெயரில் பல ஆய்வாளர்கள் இருப்பார்கள், முதலெழுத்து மட்டும் போட்டுத் தேடினால் இன்னும் குழப்பம். ஸ்காலர் பக்கத்தில் கட்டுரைகள் தானாகச் சேரும் வசதி இருப்பதால், வேறொருவரின் கட்டுரையும் சில சமயம் உள்ளே வந்து உட்கார்ந்திருக்கும். ஆர்கிட் என்ற 16 இலக்க அடையாள எண் 2012 முதல் வழக்கத்தில் இருக்கிறது. அவர் அதை வைத்திருந்தால் அந்தப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

படி 2: பட்டியலைச் சலித்தெடுங்கள்

ஆண்டு வாரியாக வரிசைப்படுத்துங்கள். அமெரிக்க இயற்பியல் சங்கத்தின் பாய்ம இயக்கவியல் பிரிவு ஆண்டுதோறும் நடத்தும் மாநாட்டின் சுருக்கங்கள் வரிசையாக வரும். ஒரு பத்தி அளவுதான் இருக்கும், அவற்றைக் கட்டுரைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதே வேலை முதலில் மாநாட்டுக் கட்டுரையாகவும் அப்புறம் ஆய்விதழ்க் கட்டுரையாகவும் வந்திருந்தால் ஒன்றாகவே எண்ணுங்கள்.

படி 3: ஹெச்-இண்டெக்ஸை ஒருமுறை கையால் போட்டுப் பாருங்கள்

இதை 2005-ல் முன்வைத்தவர் ஜார்ஜ் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர். ஒருவருடைய 7 கட்டுரைகளுக்கு முறையே 120, 45, 18, 9, 6, 5, 2 மேற்கோள்கள் கிடைத்திருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். மேலிருந்து எண்ணிக்கொண்டே வாருங்கள்; கட்டுரையின் வரிசை எண்ணைவிட அதன் மேற்கோள் எண்ணிக்கை குறையாதவரை எண்ணலாம். ஐந்தாவது கட்டுரைக்கு 6 இருக்கிறது, சரி. ஆறாவதுக்கு 5 தான், போதாது. ஆகவே ஹெச்-இண்டெக்ஸ் 5. இப்போது அந்த 120-ஐ 2000 ஆக்கினாலும் விடை அதே 5 தான். துறையையே திருப்பிப்போட்ட ஒரு கட்டுரை இந்த எண்ணுக்குள் தெரியாமலே போகும்.

ஸ்காலர் ஆய்வேடுகளையும் முன்வரைவுகளையும் (ஆய்விதழில் வருமுன் இணையத்தில் வெளியிடப்படும் கட்டுரைகள்) சேர்த்து எண்ணுவதால், ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் என்ற மற்ற இரண்டு மேற்கோள் தளங்களையும்விடப் பெரும்பாலும் கூடுதலாகக் காட்டும். இருவரை ஒப்பிடுவதானால் ஒரே தளத்தில் ஒப்பிடுங்கள்.

படி 4: யார், எதற்காக மேற்கோள் காட்டுகிறார்கள்?

இங்கேதான் நேரம் செலவிட வேண்டும். நம் துறையில் மேற்கோள்கள் இரண்டு விதமாகச் சேருகின்றன. லாண்டரும் ஸ்பால்டிங்கும், கொந்தளிப்பான ஓட்டத்தைக் கணக்கிட உதவும் கே-எப்சிலான் மாதிரி பற்றி 1974-ல் எழுதிய கட்டுரையை எடுத்துக்கொள்ளுங்கள். பம்போ, அடுப்போ, கட்டடத்தைச் சுற்றிய காற்றோ, எதைக் கணினியில் கணக்கிட்டாலும் அந்த மாதிரியைப் பயன்படுத்துகிறவர் அதைக் குறிப்பிடுவார். அதே வேலைக்கான மென்டரின் 1994 எஸ்.எஸ்.டி. மாதிரியும் அப்படியே. ஸ்மாகொரின்ஸ்கி 1963-ல் வளிமண்டலச் சுழற்சியைக் கணக்கிட எழுதிய கட்டுரை வானிலை ஆய்விதழில் வந்தது, இன்றைக்குப் பெருஞ்சுழல் கணிப்பு (ஓட்டத்தின் பெரிய சுழல்களை மட்டும் நேரடியாகக் கணக்கிடும் முறை) செய்யும் பொறியாளர்கள் எல்லோரும் அதைத் தேடிப் போகிறார்கள். இவை கருவிகள். கருவிக்குப் பயனர்கள் அதிகம், மேற்கோளும் அதிகம்.

இன்னொரு பக்கம், ஓர் ஓட்டம் ஏன் நிலைகுலைகிறது என்பதைப் பல மாதம் உட்கார்ந்து தீர்த்த ஒரு கோட்பாட்டுக் கட்டுரை இருக்கும். அதைப் புரிந்து பயன்படுத்தக்கூடியவர்களே உலகில் சில நூறு பேர் என்றால், எண்ணிக்கை எங்கிருந்து ஏறும்? இந்த இரண்டையும் ஒரே தராசில் வைப்பது நியாயமே இல்லை.

மூன்றாவதாக ஒன்றும் உண்டு. ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் என்ற ஆய்வாளர், குழாய்க்குள் சாயம் விட்டுச் செய்த சோதனையை 1883-ல் வெளியிட்டார். இன்று அவர் பெயரிலுள்ள ரெனால்ட்ஸ் எண்ணை (ஓட்டம் சீரானதா கொந்தளிப்பானதா என்பதைக் கணிக்க உதவும் எண்) எழுதாத கட்டுரையைப் பார்ப்பது அரிது, ஆனால் அந்த மூலக் கட்டுரையை மேற்கோள் பட்டியலில் சேர்ப்பவர்கள் குறைவு. பொதுச்சொத்தாகிவிட்ட கருத்துக்கு மேற்கோள் கிடைப்பதில்லை.

படி 5: மூன்று கட்டுரைகளைத் திறந்து பாருங்கள்

ஆய்விதழ்ப் பெயர்களையும் கவனியுங்கள். 1956-ல் பேட்ச்லர் தொடங்கிய ‘ஜர்னல் ஆஃப் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ்’, 1958-ல் வந்த ‘ஃபிசிக்ஸ் ஆஃப் ஃப்ளூயிட்ஸ்’ இரண்டும் துறையின் மையத்தில் இருப்பவை. 1969 முதல் வரும் ‘ஆன்யுவல் ரிவ்யூ ஆஃப் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ்’ இதழில் எழுத அழைப்பு வர வேண்டும், அதனால் அங்கே பெயர் இருப்பதே ஒரு மரியாதை.

அப்புறம் அவருடைய ஒரு கட்டுரைக்குக் கீழே உள்ள மேற்கோள் இணைப்பைச் சொடுக்கி, அவரோ அவருடைய குழுவினரோ எழுதாத மூன்று கட்டுரைகளைத் திறங்கள். ‘பலர் இதை ஆராய்ந்துள்ளனர்’ என்று எட்டுப் பேரோடு சேர்த்து முன்னுரையில் ஒரே வரியில் சொல்லியிருக்கிறார்களா, அல்லது அவருடைய சமன்பாட்டை எடுத்துத் தங்கள் அளவீட்டோடு வரைபடத்தில் ஒப்பிட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். இரண்டாவது வகை ஒன்று கண்ணில் பட்டால், அந்த ஆய்வாளரின் மூலக் கட்டுரையை அன்றே படிக்க ஆரம்பித்துவிடுங்கள்.