கையுதறலைப் பிசிறாக நினைக்கும் மென்பொருள்: நரம்பியல் பன்மையின் அசைவுகளைக் கலையாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆட்டிசம், ஏடிஎச்டி (கவனச் சிதறலும் மிகைத் துடிப்பும்), டூரெட் (அடக்க முடியாத திடீர் அசைவுகளும் ஒலிகளும்), டிஸ்ப்ராக்ஸியா (அசைவுகளை ஒருங்கிணைப்பதில் சிரமம்) உள்ளவர்களின், அதாவது மூளை வேறு விதமாக இயங்கும் நரம்பியல் பன்மையினரின், உடல் அசைவை டிஜிட்டல் கலையாக்க இன்று பெரிய மோஷன் கேப்சர் (அசைவுப் பதிவு) ஸ்டூடியோ தேவையில்லை. ஒரு வெப்கேம், உடல் அசைவைப் பின்தொடரும் மீடியாபைப் மாதிரி ஓர் இலவச மென்பொருள், திரையில் வரைய உதவும் பி5.ஜேஎஸ் நிரல் நூலகம் கொஞ்சம் தெரிந்தால் போதும். சீக்கிரமே திரையில் உருவம் ஆடத் தொடங்கிவிடும். சிக்கலும் இந்த எளிமையில்தான் இருக்கிறது. எது அசைவு, எது பிசிறு (தரவில் வரும் தேவையற்ற நடுக்கம்) என்று கருவி ஏற்கெனவே முடிவெடுத்து வைத்திருக்கும். நாம் அதைக் கேட்பதே இல்லை.

அதிகம் பேர் விழும் குழி ஸ்மூத்திங், அதாவது அசைவை வழவழப்பாக்குவது. கேமரா வழியாக உடலைப் பின்தொடரும் மென்பொருள், ஒவ்வொரு ஃப்ரேமிலும் மூட்டுகள் எங்கே இருக்கும் என்று ஊகிக்கிறது. ஊகம் சற்று முன்பின் ஆகும் என்பதால், அசையாமல் நிற்பவரின் புள்ளிகள்கூடத் திரையில் நடுங்கும். அதை அடக்க ஒரு ஃபில்டர் வைக்கிறார்கள். பல கருவிகளில் அது நாம் கேட்காமலே ஓடிக்கொண்டிருக்கும். சின்னதாக, வேகமாக, முன்னும் பின்னும் போகிற எதைக் கண்டாலும் அது தேய்த்துவிடும். கையுதறலும் தோள் டிக்கும் (தானாக வரும் திடீர் வெட்டசைவு) விரல் துடிப்பும் அப்படித்தானே இருக்கின்றன? உதறல் மெல்லிய அலையாகிவிடுகிறது, டிக் காணாமல் போகிறது. பார்ப்பவர்கள் "நடனம் மாதிரி எவ்வளவு அழகு!" என்கிறார்கள். அந்த அழகு ஃபில்டர் போட்டுத் தந்தது. ஆடியவருக்கு அதில் பங்கில்லை.

முதலில் ஃபில்டரை அணைத்துவிட்டுப் பதிவு செய்யுங்கள், மூலத் தரவைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு ஸ்மூத்திங் வேண்டும் என்பதை அசைந்தவரைப் பக்கத்தில் உட்காரவைத்துத் திரையைப் பார்த்தபடியே முடிவு செய்யலாம். கேமராவின் வேகமும் முக்கியம். விநாடிக்கு 30 ஃப்ரேம் எடுக்கும் கேமராவில், விநாடிக்கு 5 தடவை உதறும் கைக்கு ஓர் உதறலுக்கு 6 படம்தான் கிடைக்கும். வெளிச்சம் குறைவென்றால் அந்த ஆறும் மங்கல். 60 அல்லது 120 ஃப்ரேமும் நல்ல வெளிச்சமும் இருந்தால் நிலைமையே வேறு. அப்புறம் விரல்கள். மீடியாபைப்பின் உடல் மாதிரியில் 33 புள்ளிகள் இருந்தாலும், ஒரு கையின் விரல்களுக்கு அதில் கிடைப்பவை மூன்றே. ஸ்டிம்மிங், அதாவது தன்னைச் சமன்படுத்தத் திரும்பத் திரும்பச் செய்யும் அசைவு, நிறைய விரல்நுனியிலும் நடக்கிறது. ஒரு கைக்கு 21 புள்ளி தரும் கை மாதிரியைச் சேர்த்து ஓட்டாவிட்டால் அது பதிவாகாது.

அடுத்த தவறு நல்லெண்ணத்தில் வருவது: அசைவுக்கு அர்த்தம் ஒட்டுவது. ஆடினால் பதற்றம், எனவே சிவப்பு. நின்றால் அமைதி, எனவே நீலம். யார் சொன்னது? அதே முன்பின் ஆட்டம் சந்தோஷத்தில் வரலாம், யோசனையில் வரலாம், வெறும் அலுப்பிலும் வரலாம். 1960களின் இறுதியிலிருந்து பிரான்சின் செவென் மலைப்பகுதியில் கல்வியாளர் ஃபெர்னாந்த் தெலின்யியும் அவருடன் வாழ்ந்தவர்களும், பேசாத ஆட்டிசக் குழந்தைகள் நடந்து திரிந்த தடங்களைக் காகிதத்தில் கோடுகளாக வரைந்தார்கள். குழந்தைகளை விளக்குவதோ குணப்படுத்துவதோ அவர்கள் நோக்கமாக இருக்கவில்லை. கோடு கோடாகவே இருந்தது. கணினி எட்டாத காலத்து வேலை, ஆனால் இன்றைய பல இன்ஸ்டலேஷன்களை (கூடத்தில் அமைக்கும் படைப்புகளை)விட நேர்மையானது என்பேன். 2007இல் ஆட்டிசம் உள்ள எழுத்தாளர் மெல் பேக்ஸ் இணையத்தில் இட்ட காணொளியையும் இங்கே சொல்ல வேண்டும். முதல் பகுதி முழுக்க அசைவும் முனகலும். பிறகு கணினிக் குரலில் அவர் விளக்கும்போது, ஓடும் தண்ணீரில் தான் விரல் வைத்திருப்பது எதற்கும் குறியீடு இல்லை என்கிறார்.

"அவர்களுக்கு உலகம் இப்படித்தான் தெரியும்" என்று விஆர் ஹெட்செட் மாட்டிவிடும் படைப்புகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். யாருடைய அனுபவம் என்று தெளிவாகச் சொல்லி, அவரே செய்ததென்றால் சரி. இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

கேமராவுக்கு ஒரு பழைய வரலாறு உண்டு. 1870களிலேயே பாரிஸின் சல்பெட்ரியேர் மருத்துவமனையில் நோயாளிகளின் உடல்களை அறிகுறிகளாகப் படமெடுத்துத் தொகுத்தார்கள். "கையை ஆட்டாதே" என்று கேட்டே வளர்ந்தவர்கள் பலர் லென்ஸைக் கண்டதும் தங்களை அடக்கிக்கொள்வார்கள். அப்போது பதிவாவது அந்த அடக்கம்தான். "அந்த டிக்கை இன்னொரு தடவை செய்யுங்களேன்" என்பது அதைவிட மோசம். டிக்கைப் பற்றிப் பேசினாலே சிலருக்கு அது கிளம்பிவிடும். பதிவுப் பொத்தானை அசைபவர் கையிலேயே கொடுங்கள். கேமராவே பிடிக்காதவருக்கு மணிக்கட்டில் கட்டும் முடுக்கமானி (அசைவின் வேக மாற்றத்தை அளக்கும் சிறு கருவி) போதும். முகமே வராது, உதறலின் தாளம் மட்டும் வரும்.

காட்சிக்கூடத்தில் நடக்கும் அபத்தம் தனி ரகம். புலன் கூர்மையைப் பற்றிய படைப்பு, ஆனால் வேகமாக மின்னும் ஸ்ட்ரோப் விளக்கும், அதிரும் பாஸ் ஒலியும். யாரைப் பற்றிய படைப்போ அவர்களே உள்ளே நுழைய முடியாது! 1997 டிசம்பரில் ஜப்பானில் ஒரு கார்ட்டூன் நிகழ்ச்சியில் சிவப்பும் நீலமும் மாறிமாறி மின்னியதால் 600க்கும் மேற்பட்ட குழந்தைகள் மருத்துவமனைக்குப் போக நேர்ந்தது. எந்த ஒரு விநாடியிலும் மூன்று முறைக்கு மேல் மின்னக் கூடாது என்பது இணைய அணுகல் வழிகாட்டி சொல்லும் வரம்பு. அதைக் கூடத்துக்கும் பொருத்துங்கள். இணையப் படைப்பென்றால், அசைவைக் குறைக்கும்படி பார்வையாளர் தன் கணினியில் வைத்திருக்கும் அமைப்பை உங்கள் நிரல் மதிக்க வேண்டும். நிறுத்தும் பொத்தான் கண்ணில் படும் இடத்தில் இருக்கட்டும்.

முகத்தை நீக்கிவிட்டோம், இனி அடையாளம் தெரியாது என்று நினைப்பதும் தவறு. நடையை வைத்தே ஆளைக் கண்டறியும் மென்பொருள்கள் இருக்கின்றன. தனித்துவமான அசைவென்றால் தெரிந்தவர்கள் வெறும் புள்ளிகளைப் பார்த்தே பெயர் சொல்லிவிடுவார்கள். எனவே ஒப்புதலை ஒரு தடவை கையெழுத்தாக வாங்கி முடித்துவிடாதீர்கள். படைப்பு முடிந்ததும் காட்டி, காட்சிக்கு முன்பு மறுபடி கேளுங்கள். வேண்டாம் என்றால் எந்தக் கோப்பு, யார் அழிப்பார், எத்தனை நாளில் என்பதை முதல் நாளே எழுதிக் கொடுங்கள். மூலத் தரவின் ஒரு பிரதி அவரிடமும் இருக்கட்டும். பெயர்ப்பலகையில் "பங்கேற்பாளர்" என்று போடாமல், அவர் விரும்பினால் உங்கள் பெயருக்குப் பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில் கலைஞர் என்று போடுங்கள். ஊதியமும் அப்படியே.