புதிய மாநகராட்சிக் கட்டடத்துக்கு இடம் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆவடி 2019ஆம் ஆண்டிலும் தாம்பரம் 2021ஆம் ஆண்டிலும் மாநகராட்சிகளாகத் தரம் உயர்ந்தன. இப்படி வளரும் ஊர் எதுவானாலும், தலைமை அலுவலகத்துக்குப் புதிதாக எங்கே இடம் பார்ப்பது என்ற கேள்வி என்றாவது ஒருநாள் மன்றக் கூட்டத்துக்கு வந்தே தீரும். அன்றைக்கு எடுக்கும் முடிவோடு மூன்று, நான்கு தலைமுறைகள் வாழ வேண்டியிருக்கும். ரிப்பன் மாளிகை திறக்கப்பட்டது 1913ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் நாள்; சென்னை மாநகராட்சியின் தலைமையிடம் இன்றும் அதுதான்.

நான் பார்த்தவரை மிகப் பெரிய தவறு, செலவில்லாமல் நிலம் கிடைக்கிறது என்பதற்காக ஊருக்கு வெளியே போய்விடுவது. சில ஆண்டுகளுக்கு முன், அப்பாவின் இறப்புச் சான்றிதழில் பெயர் பிழையாக இருந்ததைத் திருத்துவதற்காக, அம்மாவை அழைத்துக்கொண்டு அப்படி வெளியே தள்ளிக் கட்டப்பட்ட ஓர் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். ஷேர் ஆட்டோ நெடுஞ்சாலையிலேயே இறக்கிவிட்டது. அங்கிருந்து நடைபாதை இல்லாத சாலையில் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நடை. கவுன்ட்டரில் இருந்தவர் ஆதார் அட்டைக்கு இன்னொரு நகல் கேட்டார். சுற்றுவட்டாரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைகூட இல்லை. அம்மாவை வேப்பமரத்தடியில் உட்காரவைத்துவிட்டு, ஒற்றைத் தாளுக்காக மறுபடியும் நெடுஞ்சாலை வரை நடந்து திரும்பி வந்தபோது, உணவு இடைவேளைக்காகக் கவுன்ட்டரை மூடியிருந்தார்கள். மனு எழுதிக் கொடுப்பவர், முத்திரைத்தாள் விற்பவர், நகல் எடுப்பவர், டீக்கடைக்காரர் எல்லோரும் சேர்ந்ததுதான் ஓர் அரசு அலுவலகம். நகரத்தின் நடுவில் அவர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள்; வெளியே போனால் அவர்கள் வந்து சேரும்வரை மக்கள்தான் அலைய வேண்டும்.

போக்குவரத்து பின்னால் தானாக வந்துவிடும் என்று நம்புவதும் இதோடு சேர்ந்த தவறுதான். கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் திறக்கப்பட்டபோது, அதற்கான ரயில் நிலையம் ஆயத்தமாகியிருக்கவில்லை. மூட்டை முடிச்சுகளோடும் குழந்தைகளோடும் வந்தவர்கள் பட்ட பாட்டைச் சென்னைவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். ரிப்பன் மாளிகையின் பலமோ அதைச் சுற்றியிருக்கும் நிலையங்களில் இருக்கிறது. சென்ட்ரல், புறநகர் ரயில்கள் புறப்படும் மூர் மார்க்கெட் வளாகம், பூங்கா நிலையம், பறக்கும் ரயிலின் பூங்கா நகர் நிலையம், மெட்ரோவின் இரண்டு தடங்கள் சந்திக்கும் நிலையம் ஆகிய அனைத்தும் நடந்துபோகும் தூரத்தில் உள்ளன. 2011ஆம் ஆண்டில் மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்த பிறகும், எண்ணூரிலிருந்து வருபவர் அங்கே வந்து சேர முடிகிறது என்றால் அதற்கு இதுவே காரணம்.

ஆனால் நகர மையத்தில் இடம் வேண்டும் என்றதும் பூங்காவின் மீதும் விளையாட்டுத் திடலின் மீதும் கண் போவதையும் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டும். நாம் பெருமையோடு பார்க்கும் ரிப்பன் மாளிகையே பீப்பிள்ஸ் பார்க் என்ற பெரிய பூங்காவின் ஒரு பகுதியில் எழுந்ததுதான். விக்டோரியா மண்டபம், மூர் மார்க்கெட், பிறகு விளையாட்டரங்கம் என்று ஒவ்வொன்றாக இடம் பிடித்துக்கொள்ள, மக்களுக்காக வகுக்கப்பட்ட அந்தப் பூங்கா ஏறக்குறைய மறைந்தே போனது. காலியாகத் தெரிகிற நிலமெல்லாம் பயனற்றுக் கிடக்கும் நிலம் ஆகிவிடாது.

வருங்கால வளர்ச்சிக்கு இடம் விடாமல், இன்றைய பணியாளர் எண்ணிக்கைக்கு மட்டும் கணக்குப் போடுவதும் அடிக்கடி நடக்கிறது. ரிப்பன் மாளிகை நிரம்பியபோது அதன் வளாகத்துக்குள்ளேயே அம்மா மாளிகையைக் கட்ட முடிந்தது. அந்த வசதி இல்லாத அலுவலகங்கள் வாடகைக் கட்டடங்களில் துண்டு துண்டாகச் சிதறிவிடுகின்றன. வாகன நிறுத்தத்தைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்லலாம்: மன்ற உறுப்பினர்களின் கார்களை மட்டும் கணக்கில் எடுத்து இடத்தைத் தள்ளுபடி செய்யக் கூடாது.

முடிவை ஒரே தரப்பு எடுப்பது இன்னொரு தவறு. ஓமந்தூரார் அரசினர் தோட்டத்தில் கட்டப்பட்ட சட்டமன்ற, தலைமைச் செயலக வளாகம் 2010ஆம் ஆண்டு மார்ச்சில் திறக்கப்பட்டது. 2011இல் ஆட்சி மாறிய பின் சட்டமன்றம் கோட்டைக்கே திரும்பியது, அந்தக் கட்டடம் 2014இல் மருத்துவமனையானது. அந்த இடம் நகரின் நடுவில்தான் இருந்தது. இடம் நன்றாக இருந்தும் கட்டடம் எடுத்துக்கொண்ட நோக்கத்துக்குப் பயன்படாமல் போகலாம் என்பதால், ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி, வணிகர்கள், குடியிருப்போர் சங்கங்கள் ஆகிய எல்லோரையும் உட்காரவைத்துப் பேசி, இரண்டு மூன்று இடங்களை ஒப்பிட்டு, காரணங்களை எழுத்தில் வெளியிட்ட பிறகே அடிக்கல் நாட்ட வேண்டும்.

ஆவணங்களைப் பார்க்காமல் 'அரசு நிலம்தானே' என்று இறங்குவது சென்னையில் மிகவும் ஆபத்தானது. புறம்போக்கு என்று பொதுவாகச் சொல்லப்படும் நிலம் நீர்நிலைப் புறம்போக்காக இருக்கலாம். அப்படியானால் வழக்கும் வரும், வெள்ளமும் வரும். இன்றைய தியாகராய நகர் நீண்ட ஏரி ஒன்றைத் தூர்த்து உருவானது என்பதும், நுங்கம்பாக்கத்தின் லேக் ஏரியாவும் மேற்கு மாம்பலத்தின் லேக் வியூ சாலையும் அந்த ஏரியின் நினைவாகவே அப்படி அழைக்கப்படுகின்றன என்பதும் பலருக்குத் தெரியாது. ஆகவே நில அளவைப் பதிவேட்டையும் பழைய வரைபடங்களையும் பார்த்த பிறகு, நவம்பர் மாதத்தில் நல்ல மழை பெய்த மறுநாள் காலை, தேர்வுக்குழுவினர் அனைவரும் காரை விட்டுவிட்டுப் பேருந்தில் அந்த இடத்துக்குப் போய் இறங்க வேண்டும். தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வருகிறது, எத்தனை மணி நேரம் நிற்கிறது என்று பார்த்துவிட்டு, பக்கத்தில் நெடுநாளாகக் கடை வைத்திருப்பவரிடம் 2015 டிசம்பரில் தண்ணீர் எதுவரை ஏறியது என்று கேட்டால், அவர் சுவரில் கைவைத்துக் காட்டிவிடுவார்.