காசில்லாத இடங்கள்தானே என்று குழந்தைகளோடு கிளம்பும்போது செய்யும் தவறுகள்

விடுமுறை நெருங்கினால் நண்பர்கள் தங்கள் பயணத் திட்டத்தை எனக்கு அனுப்பிவிட்டு "எப்படி இருக்கு?" என்று கேட்பார்கள். பூங்கா, கடற்கரை, மலைப்பாதை, அருவி என்று டிக்கெட் இல்லாத இடங்களாகத் தேடித் தேடிக் குழந்தைகளோடு பல வருடமாகச் சுற்றுகிறோம், அதனால் கேட்கிறார்கள். வருகிற திட்டங்களில் எல்லாம் அதே தவறுகள், ஆரம்பத்தில் எங்கள் திட்டங்களிலும் இருந்தவைதான். தண்ணீர் பாட்டில், தொப்பி, மாற்றுத்துணி எல்லாம் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, அவற்றை விட்டுவிடுகிறேன்.

## ஒரே நாளில் ஐந்து இடம்

இதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. டிக்கெட் எடுக்கிற இடமென்றால் யோசித்து ஒன்றைத் தேர்ந்தெடுத்து, கொடுத்த காசுக்குச் சாயங்காலம் வரை இருப்போம். இலவசம் என்றால் மட்டும் காலையில் பூங்கா, பத்தரைக்குக் கடற்கரை, மதியம் கோட்டை, அப்புறம் ஏரி, கடைசியில் ஒரு மலைமுகடு என்று அடுக்கிவிடுகிறோம்.

ஒரு பாறைக் கடற்கரையில் பார்த்தேன். கடல் உள்வாங்கியிருந்தது, பாறை இடுக்குகளில் தேங்கிய தண்ணீரில் சின்னச் சின்ன உயிர்கள். ஐந்து வயது இருக்கும் ஒரு பெண் குழந்தை, சங்குக்குள் ஒடுங்கிக்கொண்ட நண்டு ஒன்று எப்போது வெளியே வரும் என்று குத்துக்காலிட்டு அசையாமல் காத்திருந்தாள். நண்டு காலை மெல்ல நீட்டியது. அந்த நேரம் பார்த்து அப்பா வந்து, "எந்திரிம்மா, இன்னும் மூணு இடம் பாக்கணும்" என்று தூக்கிக்கொண்டு போய்விட்டார். கார் கதவு மூடும் வரை அவள் அழுதது கேட்டது.

அந்த மூன்று இடங்களும் நாளைக்கும் இருக்கும். அந்தக் குட்டை இருக்காது. பெரும்பாலான கரைகளில் கடல் ஏறி இறங்க ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம் ஆகிறது, அதனால் வற்றுகிற நேரம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். இன்று பத்து மணிக்குக் கண்ட பாறைகள் நாலைந்து நாள் கழித்து அதே பத்து மணிக்குத் தண்ணீருக்கு அடியில் இருக்கலாம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில்தான் கடல் இன்னும் அதிகமாக உள்வாங்கும். அப்படிப்பட்ட நேரத்தில் போய்ச் சேர்ந்துவிட்டு, பட்டியலை முடிக்க ஓடுவதா?

செலவும் இதில்தான் ஏறுகிறது. பெட்ரோல், ஒவ்வொரு இடத்திலும் பார்க்கிங், அலைச்சலில் வரும் பசிக்கு வழியில் கண்டதையெல்லாம் வாங்குவது, கடைசி இரண்டு இடங்களில் குழந்தை காரிலேயே தூங்கிப்போவது. ஒரு நாளைக்கு ஒரு இடம் போதும். மழை வந்தாலோ கூட்டம் அதிகமென்றாலோ மாறிக்கொள்ளப் பக்கத்திலேயே இன்னொன்றைத் தெரிந்து வைத்திருங்கள், அவ்வளவுதான். பிடிக்கவில்லை என்றால் அரை மணியில் கிளம்பலாம், பிடித்திருந்தால் மறுநாள் காலையிலும் அங்கேயே வரலாம். இலவச இடத்தின் பெரிய லாபமே அதுதான், அதைப் போய் யாரும் பயன்படுத்துவதில்லை!

## வாசல் மட்டும் இலவசம்

அமெரிக்காவின் கிரேட் ஸ்மோக்கி மலைத் தேசியப் பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. ஆனால் 2023 மார்ச்சிலிருந்து 15 நிமிடத்துக்கு மேல் வண்டியை நிறுத்தினால் காசு கட்டி வாங்கிய பார்க்கிங் சீட்டு இருக்க வேண்டும். சிங்கப்பூர் தாவரவியல் பூங்கா இலவசம், அதற்குள்ளிருக்கும் ஆர்க்கிட் தோட்டத்துக்கு டிக்கெட். பார்சிலோனாவின் பார்க் குயெல் முன்பு முழுக்க இலவசமாக இருந்தது, முக்கியமான பகுதிக்கு 2013 முதல் கட்டணம். பழைய பயணக் குறிப்பைப் படித்துவிட்டுக் குழந்தைகளோடு வாசலில் போய் நிற்காமல், அந்த இடத்தின் அதிகாரப்பூர்வ இணையதளத்தை முந்தின நாள் ஒரு முறை பாருங்கள். பார்க்கிங், முன்பதிவு, விடுமுறை நாள் மூன்றையும் சேர்த்துப் பாருங்கள்.

## உச்சி வெயில்

நிழல் உங்களைவிடக் குட்டையாக இருக்கும் நேரத்தில் வெட்டவெளி வேண்டாம்.

## அலையில்லாத இடமாகப் பார்த்து இறக்குவது

இது உயிர் விஷயம். கடலில் இரண்டு பக்கமும் அலை உடைந்து, நடுவில் ஒரு பட்டை மட்டும் அமைதியாகத் தெரிந்தால், குழந்தைக்கு அதுதான் பாதுகாப்பு என்று பெரியவர்கள் அங்கேயே இறக்குகிறார்கள். கரைக்கு வந்த தண்ணீர் பல நேரம் அந்த வழியாகத்தான் கடலுக்குத் திரும்புகிறது. அந்த இழுப்பு நொடிக்கு 2 மீட்டருக்கு மேல்கூடப் போகும், எவ்வளவு தேர்ந்த நீச்சல்காரரும் அதை எதிர்த்துக் கரைக்கு வர முடியாது. மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி நீந்தாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியேற வேண்டும். உயிர்காப்பாளர் இல்லாத கடற்கரை என்றால் மணலில் விளையாடட்டும், தண்ணீரில் இறக்காதீர்கள்.

## விலங்குகளுக்குத் தீனி

போடாதீர்கள். பழகிய விலங்குதான் அடுத்த குழந்தையின் கையில் இருப்பதைப் பிடுங்கும்.

## கழிப்பறை

கிளம்பும் முன் வரைபடத்தில் முதலில் தேட வேண்டியது.

## இறங்கிப் போகும் பாதைகள்

அருவிக்கும் பள்ளத்தாக்குக்கும் போகும்போது முதலில் இறக்கம், குழந்தைகள் குதித்துக்கொண்டு ஓடும். திரும்பும்போதுதான் ஏற்றம், அதுவும் களைத்த காலோடு. அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் இறங்க ஆகும் நேரத்தைப் போல இரண்டு மடங்கை ஏறுவதற்கு ஒதுக்கச் சொல்கிறார்கள். ஒரு மணி நேரம் இறங்கினால் ஏற இரண்டு மணி நேரம், சின்னக் குழந்தை என்றால் அதற்கும் மேல். அதனால் 'இன்னும் கொஞ்ச தூரம்' என்று குழந்தை உற்சாகமாகக் கேட்கும்போதே திரும்பிவிடுங்கள்.