ஜீப்பின் பின்பகுதிக்கு உள் லைட்: எர்த் வயரில் கவனம்

பழைய ஜப்பான் ஜீப்புகளில் கதவுச் சுவிச் பெரும்பாலும் எர்த் (பற்றரியின் நெகடிவ்) பக்கத்தைத்தான் இணைத்து வெட்டும். பின்பகுதியில் பொருத்திய எல்ஈடி பட்டியின் கறுப்பு வயரை வண்டித் தகட்டில் இறுக்கியதால், கதவை மூடியும் லைட் அணையவில்லை. அந்த வயரைக் கூரை லைட்டின் கதவுச் சுவிச் வயரோடு சேர்த்ததும் சரியானது.

சிவப்பு வயர், எப்போதும் 12 வோல்ட் இருக்கும் வயருக்கு. மின் எடுக்கும் இடத்திலேயே 3 அம்பியர் பியூஸ். ஒரு மீற்றர் பட்டிக்கு 0.75 சதுர மில்லிமீற்றர் வயர் தாராளம். தகட்டுத் துளையில் றப்பர் வளையம் கட்டாயம். இல்லாவிட்டால் காட்டுப்பாதைக் குலுக்கலில் உறை தேய்ந்து ஷோர்ட் ஆகும்.

கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் வாங்கும்போது வாகனத்துக்கான பட்டிதானா என்று கேளுங்கள். எஞ்சின் ஓடும்போது மின்னழுத்தம் 14 வோல்ட்டைத் தாண்டும். மலிவுப் பட்டி சூடேறிக் கருகிவிடும். கதவை மூடிய பின்னும் மங்கலாக ஒளிர்ந்தால், பட்டிக்குக் குறுக்கே 1 கிலோஓம், அரை வாட் ரெசிஸ்டர் ஒன்று போதும்.