அரசுப் பள்ளியில் மருத்துவப் பரிசோதனை முகாம்: கண் அட்டை முதல் மறுவருகை வரை

சோதனை ஒரு காலைப்பொழுதில் முடிந்துவிடும். குறை தெரிந்த பிள்ளையை மருத்துவரிடம் கொண்டுசேர்க்க இரண்டு மாதம் அலைய வேண்டியிருக்கும். அந்த அலைச்சலுக்கு ஆள் இல்லையென்றால் முகாமைத் தள்ளிப்போடுவதே மேல்.

முதலில் வட்டார ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். 2013இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழு, ஆண்டுக்கு ஒருமுறை அரசுப் பள்ளிகளுக்கு வர வேண்டும். அவர்கள் எப்போது வந்தார்கள், யாரை மேல்சிகிச்சைக்கு எழுதினார்கள், அதில் யார் போகவில்லை என்று கேளுங்கள். போகாதவர்களின் பட்டியல் கிடைத்தால் பாதி வேலை அங்கேயே இருக்கிறது.

கல்வித் துறை அனுமதி, தலைமை ஆசிரியரிடம் தேதி இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள். பெற்றோர் ஒப்புதல் சீட்டை ஒரு வாரம் முன்பே அனுப்பிவிடுங்கள். வலிப்பு வந்ததுண்டா, கண்ணாடி உண்டா, இப்போது என்ன மருந்து என்று மூன்றே கேள்விகள் போதும். வகுப்பாசிரியரிடம் பிறந்த தேதியுடன் பெயர்ப் பட்டியல் வாங்க மறக்காதீர்கள். எடையும் ரத்தத்தின் ஹீமோகுளோபின் அளவும் வயதை வைத்துத்தான் பொருள்படும்.

வரிசை இப்படி: உயரம், எடை, கண், பல், மருத்துவர், கடைசியில் ரத்தம். ஊசியை முன்னால் வைத்தால் முதல் பிள்ளை அழுவதைப் பார்த்தே பின்னால் நிற்கும் நாற்பது பேரும் கலைந்துவிடுவார்கள். கண்ணுக்கு ஒரு பிள்ளைக்கு இரண்டரை நிமிடம் ஆகும். 100 பேர் என்றால் ஒரே மேசையில் நான்கு மணி நேரத்துக்கு மேல் இழுக்கும். அதனால் கண்ணுக்கு மட்டும் இரண்டு மேசை போடுங்கள்.

உயரத்துக்குச் செருப்பைக் கழற்றி, உச்சிக் கொண்டையை அவிழ்த்து, குதிகால் சுவரில் ஒட்ட நிறுத்துங்கள். எடைக் கருவியைப் பாய்மேல் வைக்காதீர்கள், அளவு தவறும். இருபது பிள்ளைக்கு ஒருமுறை ஒரே தன்னார்வலரை ஏற்றிப் பாருங்கள். எண் மாறினால் கருவி நகர்ந்திருக்கிறது, அல்லது பேட்டரி தீர்கிறது.

அதிகம் சொதப்புவது கண் சோதனைதான். 6 மீட்டர் அட்டைக்கு 6 மீட்டர் தூரம் வேண்டும், அதாவது 19 அடி 8 அங்குலம். 20 அடி வகுப்பறையில் பெஞ்சுகளுக்கு நடுவே அது கிடைக்காது. அதற்காக அதே அட்டையை 3 மீட்டரில் மாட்டினால் கிட்டப்பார்வைப் பிள்ளையும் தேறிவிடும். வராந்தாவுக்குப் போங்கள், அல்லது 3 மீட்டருக்கென்றே அச்சிட்ட அட்டையை வாங்குங்கள். வெளிச்சம் அட்டைமேல் விழ வேண்டும். அட்டைக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால் கண் கூசும்.

தூரத்தை நூலால் அளந்து தரையில் சாக்பீஸ் கோடு போடுங்கள். ஒரு கண்ணைச் சோதிக்கும்போது மற்றதை விரலால் மூடினால் பிள்ளை இடுக்கு வழியே பார்க்கும். உள்ளங்கையால் அழுத்தி மூடினாலோ அடுத்து அந்தக் கண்ணைச் சோதிக்கும்போது மங்கும். தடித்த அட்டைத் துண்டைக் கொடுங்கள். எப்போதும் வலது கண் முதலில். கண்ணைச் சுருக்கவிடாதீர்கள், சுருக்கினால் கொஞ்சம் தெளிவாகத் தெரிந்துவிடும். வரிசையில் நிற்பவர்கள் காதால் கேட்டே அட்டையை மனப்பாடம் செய்துவிடுவார்கள். அவர்களைக் கதவுக்கு வெளியே நிறுத்தி, எழுத்துகளை இடமிருந்தும் வலமிருந்தும் மாற்றி மாற்றிக் கேளுங்கள். சிறு பிள்ளைகளுக்கு ஆங்கில 'E' எழுத்து பல பக்கம் திரும்பி நிற்கும் அட்டை வசதி. எழுத்தின் கால் எந்தப் பக்கம் என்று கையால் காட்டினால் போதும். ஏதாவது ஒரு கண்ணில் 6/9 வரி (நல்ல பார்வை உள்ளவர் 9 மீட்டரிலிருந்தே படிக்கும் வரி) வரவில்லையென்றால் கண் மருத்துவருக்கு எழுதுங்கள். கண்ணாடி வைத்திருப்பவரைக் கண்ணாடியோடே சோதியுங்கள்.

ரத்தம் எடுப்பது செவிலியரோ ஆய்வக நுட்பநரோ செய்யும் வேலை, தன்னார்வலர் கை வைக்கக் கூடாது. முதல் சொட்டைத் துடைத்துவிட்டு அடுத்த சொட்டை எடுக்க வேண்டும். விரலைப் பிழிந்தால் திசுநீர் கலந்து அளவு குறைவாகக் காட்டும். ஹீமோகுளோபின் 5 முதல் 11 வயதுக்கு 11.5 கிராமுக்கும், 12 முதல் 14 வயதுக்கு 12 கிராமுக்கும் கீழே போனால் ரத்தசோகை. அப்போதும் நீங்கள் மாத்திரை கொடுக்க வேண்டாம். பள்ளியில் தரும் வாராந்திர இரும்புச்சத்து மாத்திரையைப் பிள்ளை விழுங்குகிறதா, சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறதா என்று விசாரித்து மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மருத்துவருக்குச் சத்துணவுக் கூடத்துக்கும் மணிக்கும் தள்ளி ஓர் அறை கொடுங்கள். இதயத்தின் முணுமுணுப்பு (துடிப்புக்கு நடுவே கேட்கும் கூடுதல் ஓசை) இரைச்சலில் கேட்காது. எந்தப் பிள்ளையையும் மருத்துவரிடம் தனியாக விடாதீர்கள். மாணவிகளுடன் ஆசிரியை ஒருவர் இருக்க வேண்டும், நடுவில் திரை வேண்டும். எடையைச் சத்தமாகச் சொல்லாதீர்கள், அன்றே பட்டப்பெயர் ஒட்டிக்கொள்ளும். குறையுள்ளவர் பட்டியல் அறிவிப்புப் பலகைக்கோ வாட்ஸ்அப் குழுவுக்கோ போகக் கூடாது.

பரிந்துரைச் சீட்டில் "மருத்துவரை அணுகவும்" என்று மட்டும் எழுதுவது வீண். எந்த மருத்துவமனை, என்ன கிழமை, எத்தனை மணி, எந்த அறை என்று எழுதுங்கள். ஒரு பிரதி பெற்றோருக்கு, ஒன்று வகுப்பாசிரியருக்கு, ஒன்று உங்களுக்கு. கூலிக்குப் போகும் பெற்றோருக்கு மருத்துவமனை என்றால் ஒரு நாள் சம்பளம் போச்சு. எனவே தலைமை ஆசிரியரிடமும் பெற்றோரிடமும் அனுமதி வாங்கி, ஒரே நாளில் எல்லாரையும் ஒரே வண்டியில் அழைத்துப் போங்கள், ஆசிரியர் ஒருவரும் இரண்டு மூன்று பெற்றோரும் கூட வரட்டும்.

ஆறு வாரம் கழித்துத் திரும்பப் போங்கள். கண்ணாடி வந்திருக்கும், ஆனால் "சோடாபுட்டி" என்று கேலி செய்வதால் பைக்குள்ளேயே கிடக்கும். ஃபிரேமைப் பிள்ளையே தேர்ந்தெடுத்திருந்தால் போட்டுக்கொள்ளும் வாய்ப்பு கூடும். வகுப்பில் நுழைந்ததும் யார் முகத்தில் கண்ணாடி இருக்கிறது என்று எண்ணுங்கள், பிறகு பட்டியலைத் திறந்து இல்லாதவர்களின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்.