மதத்துக்கும் அரசுக்கும் உள்ள உறவைக் கண்டறிவது எப்படி?

ஒரு நாடு மதச்சார்பற்றதா என்று அறிய விரும்புவோர், அதன் அரசமைப்புச் சட்டத்தில் அந்தச் சொல் இருக்கிறதா என்றே முதலில் தேடுகின்றனர். அத்தேடல் அதிகம் உதவாது. இந்திய அரசமைப்பின் முகப்புரையில் அச்சொல் 1976-இல்தான் சேர்ந்தது. மதச் சுதந்திரத்தைப் பேசும் 25 முதல் 28 வரையிலான உறுப்புகளோ 1950 முதலே நடைமுறையில் உள்ளன. அமெரிக்க அரசமைப்பில் அச்சொல்லே கிடையாது. ஆயினும், அரசு ஒரு மதத்தை அதிகாரபூர்வ மதமாக நிறுவுவதை 1791-ஆம் ஆண்டின் முதல் திருத்தம் தடுக்கிறது.

ஆகவே, முதலில் பணத்தின் வழியைப் பின்தொடருங்கள். ஜெர்மனியில் திருச்சபை உறுப்பினர்களிடம் வருமான வரித் தொகையில் 8 அல்லது 9 விழுக்காடு திருச்சபை வரியாகப் பெறப்படுகிறது. அதைப் பெரும்பாலும் அரசின் வரித்துறையே வசூலித்துக் கொடுக்கிறது. பிரான்சின் 1905-ஆம் ஆண்டுச் சட்டம் எந்த வழிபாட்டுக்கும் அரசு ஊதியமோ மானியமோ வழங்காது என்கிறது. ஆயினும், அச்சட்டம் பிறந்தபோது ஜெர்மனியின் ஆட்சியில் இருந்த அல்சாஸ், மொசெல் பகுதிகளில் பழைய நடைமுறையே தொடர்வதால், அங்கே கத்தோலிக்க, புராட்டஸ்டன்ட், யூத மதகுருமார்கள் இன்றும் அரசின் ஊதியம் பெறுகின்றனர். ஒரே நாட்டுக்குள் இரண்டு விடைகள் கிடைப்பது அரிதன்று; எனவே மாநில, வட்டாரச் சட்டங்களையும் புரட்டிப் பாருங்கள்.

அடுத்து, மதகுருவை நியமிப்பது யார் என்று கேளுங்கள். துருக்கியின் அரசமைப்பு தன்னை மதச்சார்பற்றது என்கிறது. ஆனால் 1924-இல் உருவான மத விவகாரத் துறையின்கீழ் இமாம்கள் அரசு ஊழியர்களாகவே பணிபுரிகின்றனர். இதை மதத்தையும் அரசையும் பிரித்துவைப்பது என்பதைவிட மதத்தை அரசு நிர்வகிப்பது என்பதே பொருந்தும். இங்கிலாந்தில் மன்னரே திருச்சபையின் உச்ச ஆளுநர். 26 ஆயர்களுக்கு நாடாளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் அவையில் இடமும் உண்டு. எனினும், இதை மட்டும் வைத்து அங்கே மத ஆட்சி நடப்பதாக முடிவுகட்டினால் தவறிவிடுவீர்கள்.

என் கணிப்பில், மிகத் தெளிவான சான்று திருமணச் சட்டத்தில்தான் கிடைக்கிறது; ஏனெனில், மதநம்பிக்கை இல்லாதவரும் அதன் வாசலைக் கடக்க நேரிடும். லெபனானிலும் இஸ்ரேலிலும் திருமணம் மத அமைப்புகளின் அதிகாரத்தில் இருப்பதால், வெவ்வேறு மதத்தைச் சேர்ந்த இணையர் பலர் வெளிநாட்டில் குடிமைத் திருமணம் (மதச் சடங்கின்றி அரசுச் சட்டப்படி நடப்பது) செய்துகொண்டு திரும்பி, அதைத் தம் நாட்டில் பதிவுசெய்கின்றனர்.

பதவியேற்பு உறுதிமொழி, விடுமுறை நாட்கள் போன்றவற்றையும் குறித்துக்கொள்ளலாம். அவற்றுக்கு அதிக எடை தர வேண்டியதில்லை. கண்டறிந்த ஒவ்வொன்றின் அருகிலும் ஆண்டை எழுதிவையுங்கள்: சுவீடன் 2000-இல் தன் திருச்சபையை அரசிலிருந்து பிரித்தது, நார்வே 2012-இல் அரசமைப்பைத் திருத்தியபின், 2017-இல்தான் திருச்சபையைத் தனிச் சட்ட அமைப்பாக்கியது.