புற்றுநோயாளிகளோடு படம் வரைய உட்காரும்போது செய்யும் தவறுகள்

புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்களைச் சேர்த்து வாரம் ஒருநாள் படம் வரையலாம் என்று கிளம்புகிறவர்கள் முதலில் போவது கடைக்குத்தான். ஆயில் பெயிண்ட், அதைக் கரைக்கும் டர்பன்டைன், பெரிய கேன்வாஸ். தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. கீமோ எடுப்பவர்களில் பலருக்குத் தாளிக்கும் வாசனையே குமட்டும். டர்பன்டைன் பாட்டிலைத் திறந்தால் எழுந்து போய்விடுவார்கள். வாட்டர்கலரும் கிரேயானும் போதும்.

கையையும் கவனியுங்கள். பாக்லிடாக்சல், வின்கிரிஸ்டின் போன்ற கீமோ மருந்துகளால் விரல் நுனி மரத்துப்போகலாம். மெல்லிய பிரஷ் பிடியில் நிற்காது. காம்பில் துணி சுற்றித் தடிமனாக்கிக் கொடுங்கள். ஆக்ஸாலிபிளாட்டின் என்ற கீமோ மருந்தை ஏற்றிக்கொண்டவருக்குக் குளிர்ந்த நீர் பட்டாலே விரலில் ஊசி குத்துவதுபோல இருக்கும். பிரஷ் அலச வெதுவெதுப்பான தண்ணீர் வைக்க யாருக்கும் தோன்றுவதில்லை. நாள்கணக்கில் ஈரமாக மூடி வைத்த களிமண்ணில் பூஞ்சை வரும். கிருமியை எதிர்க்கும் வெள்ளணுக்கள் குறைந்திருப்பவருக்கு அது ஆகாது. பொதுவாகக் கீமோ போட்ட 7 முதல் 14 நாட்களில் அந்த எண்ணிக்கை நன்றாக இறங்கியிருக்கும். அந்த வாரம் வராதவரிடம் ஏன் வரவில்லை என்று கேட்காதீர்கள். தரையில் குனிந்து கோலம் போடச் சொல்லும் ஆசையும் வேண்டாம். மேசைமேல் காகிதத்தில் புள்ளி வைத்தாலும் கோலம் கோலம்தான்.

சரி, பொருளெல்லாம் தயார். அப்புறம் நாம் வாயைத் திறக்கிறோம்.

ஒருவர் தாள் முழுக்கக் கறுப்பு அடித்திருப்பார். "மனசுல ரொம்ப பாரமாம்மா?" என்று கேட்டுவிடுவோம். கைக்கு எட்டிய கிரேயான் அதுவாக இருந்திருக்கலாம். நிறத்துக்கு அர்த்தம் சொல்வது நம் வேலை இல்லை. "உங்கள் நோயை வரையுங்கள்" என்பது இன்னும் மோசம். ஸ்கேன், ரிப்போர்ட், பில் என்று ஆறு நாளும் நோயோடுதான் இருக்கிறார்கள். ஏழாம் நாள் பூசணிக்கொடி வரையத் தோன்றினால் வரையட்டுமே. ஒருவரிடம் "சூப்பர்!" என்றால் பக்கத்தில் இருப்பவர் தன் தாளை மெல்லக் கவிழ்த்துவிடுவார். "இந்த நீலம் எப்படி வந்தது?" என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு தானாக நடக்கும்.

நாம் நடத்துவதைச் 'சிகிச்சை' என்று விளம்பரம் செய்வதும் தவறு. கலைச் சிகிச்சை தனியாகப் படித்துப் பயிற்சி எடுத்துச் செய்யும் தொழில். 1942இல் அந்தப் பெயரைக் கொடுத்த ஆங்கிலேய ஓவியர் ஏட்ரியன் ஹில், காசநோய் விடுதியில் நோயாளியாகப் படுத்திருந்தபோது தனக்காகத்தான் முதலில் வரைந்தார். படம் வரைந்தால் மனம் கொஞ்சம் லேசாகலாம், கட்டி கரையாது.

போட்டோ எடுத்து வாட்ஸப்பில் போடுவதற்கு முன் ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். மகள் கல்யாணம் முடியும்வரை நோயை ஊருக்குச் சொல்லாமல் வைத்திருப்பவர் அந்த வரிசையில் இருப்பார்.

ஒருநாள் ஒருவர் வராமலே போய்விடுவார். நாற்காலியை எடுத்துவிட்டு, எதுவும் நடக்காததுபோல வண்ணப்பெட்டியைத் திறப்பதுதான் நாம் வழக்கமாகச் செய்வது. மற்றவர்களுக்கு முன்பே தெரிந்திருக்கும். பெயரைச் சொல்லி, காலமாகிவிட்டார் என்று சொல்லிவிட்டு அப்புறம் பெட்டியைத் திறங்கள். அவர் பாதியில் விட்ட தாளைச் சுவரில் மாட்டாதீர்கள். அது வீட்டாருக்கு உரியது, வேண்டுமா என்று கேட்டுக் கொடுத்துவிடுங்கள்.